கேசட் கெட்டதா, செட் கெட்டதா? உப்புக்காற்றில் கிடந்த டேப்பை மீட்கும் முறை

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது வடசென்னையில் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பல வீடுகளில் இன்னமும் ஒரு பை கேசட் கீழே இறங்குகிறது. அதில் பாதி கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு. மீதிப் பாதிதான் முக்கியம்: கல்யாண வீட்டில் பதிந்த கானா, சர்ச் பாட்டுக்குழுவின் ஒத்திகை, வெளிநாட்டில் வேலை பார்த்த அப்பாவுக்கு வீட்டார் பேசி அனுப்பிய கேசட். சினிமாப் பாட்டு போனிலேயே கிடைக்கும். இந்தக் குரல்கள் வேறெங்கும் கிடையாது.

கூடவே இறங்கும் பழைய டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த செட்) கேசட்டைப் போட்டு பிளே அழுத்துகிறார்கள். பாட்டு ஜவ்வாக இழுக்கிறது. இல்லையென்றால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது. அதுவும் இல்லையென்றால் டேப் சிக்கிக்கொள்கிறது. "கேசட் போச்சு" என்று சொல்லிக் குப்பையில் சேர்த்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இது தவறான முடிவு. டேப்பில் பதிந்த காந்தப் பதிவு 30, 40 வருடம் சாதாரணமாகத் தாங்கும். முதலில் போவது செட்டுக்குள் இருக்கும் ரப்பர். அடுத்தது கேசட் கூட்டுக்குள் இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு. ஆனால் கெட்ட செட்டில் ஓட்டும் முதல் ஒரு நிமிடத்தில் நல்ல டேப்பும் நிஜமாகவே போய்விடும். ஆகவே வரிசை மாறக் கூடாது: முதலில் செட், பிறகு கேசட், கடைசியில் அந்தக் கேசட்டுக்கு ஏற்ற மாதிரி ஹெட், அதாவது டேப்பில் பதிந்த ஒலியைப் படிக்கும் பாகம்.

டேப் எப்படி ஓடுகிறது

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த இந்தக் கேசட்டின் உள்ளே இருக்கும் டேப் 3.81 மி.மீ. அகலம். வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். சி-60 கேசட்டில் ஏறக்குறைய 90 மீட்டர் டேப் சுற்றியிருக்கும். பக்கத்துக்கு 30 நிமிடம். சி-90 பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும்; அதே கூட்டுக்குள் அடங்குவதற்காக டேப்பை மெலிதாகச் செய்திருப்பார்கள். சி-120 இன்னும் மெலிது. மெலிந்த டேப்தான் முதலில் சிக்கும், முதலில் நீளும்.

இனி வரப்போகும் பெயர்கள்:

1. கேப்ஸ்டன்: ஹெட்டுக்குப் பக்கத்தில் சுழலும் பளபளப்பான எஃகுக் கம்பி. இரண்டு, மூன்று மி.மீ. கனம்தான் இருக்கும்.
2. பின்ச் ரோலர்: டேப்பைக் கேப்ஸ்டனோடு சேர்த்து அழுத்தும் கறுப்பு ரப்பர் உருளை.
3. ஃபிளைவீல்: கேப்ஸ்டனின் அடியில் இருக்கும் கனமான சக்கரம். மோட்டாரிலிருந்து வரும் பெல்ட் இதைத்தான் சுற்றுகிறது.
4. டேக்-அப் ரீல்: ஓடி முடிந்த டேப்பைச் சுற்றிக்கொள்ளும் வலப்பக்கச் சுழலி. ஐட்லர் என்னும் ரப்பர் விளிம்புச் சக்கரமோ ஒரு சிறு பெல்ட்டோ இதைத் திருப்பும்.
5. பிரஷர் பேட்: கேசட்டின் வாய்ப்பகுதியில் செம்பு நிறத் தகட்டின் மேல் ஒட்டிய பஞ்சுத் துண்டு. டேப்பை ஹெட்டோடு ஒட்டி நிற்க வைப்பது இதன் வேலை.

டேப்பின் வேகத்தை ரீல் தீர்மானிப்பதில்லை, கேப்ஸ்டன்தான் தீர்மானிக்கிறது. ரீல் வெறுமனே மிச்சத்தைச் சுருட்டிக்கொள்கிறது. இது மனதில் பதிந்தால் பாதிக் கோளாறுகள் தாமாகப் புரியும். 2 மி.மீ. கனமுள்ள கேப்ஸ்டனின் சுற்றளவு 6.28 மி.மீ.; எனவே அது வினாடிக்கு ஏழரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுழல்கிறது. அதன் மேல் டேப் உதிர்த்த பழுப்புத் தூள் சுற்றிலும் 0.02 மி.மீ. படிந்தால் கனம் 2.04 ஆகும், வேகம் 2 சதவீதம் கூடும். ஒரு பக்கம் மட்டும் படிந்தால் வினாடிக்கு ஏழெட்டுத் தடவை வேகம் ஏறி இறங்கும். பாடுகிறவர் குரல் குளிரில் நடுங்குவதுபோல் கேட்கும். பஞ்சுக் குச்சியால் ஒரு நிமிடம் துடைத்தால் போகிற கோளாறு இது. இதற்காகக் கேசட்டைத் தூக்கி எறிந்த வீடுகள் ஏராளம்.

கடலோரத்தில் ஏன் சீக்கிரம் கெடுகிறது

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றோடு நுண்ணிய உப்பும் வீட்டுக்குள் வருகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். சமையலறையில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். அதே உப்பு செட்டின் சர்க்யூட் போர்டில் படிந்திருந்தால், மழைக்கால இரவுகளில் அங்கே கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் உண்டாகி மின்சாரம் கசியும். பகலில் வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். "காலையில கரகரங்குது, மத்தியானம் நல்லா பாடுது" என்று சொல்லப்படும் செட்டுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, கந்தக வாயு. கழிவுநீர் தேங்கும் கால்வாய்களிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் நாற்றம். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைப்பதும் அதுதான். ரெக்கார்டு-பிளே சுவிட்சின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் பலவற்றில் வெள்ளிப் பூச்சு உண்டு. அவையும் அதேபோல் கறுக்கும். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தெருக்களில் கிடந்த செட்டைத் திறந்தால் இந்தச் சுவிட்சை முதலில் சுத்தம் செய்துவிட்டு மற்றதைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது ரப்பர். சூடும் ஈரமும் சேர்ந்தால் பழைய பெல்ட் இரண்டு விதமாகச் சாகும். ஒன்று, கெட்டியாகித் தளர்ந்துவிடும். மற்றொன்று, உருகித் தார் ஆகிவிடும்.

முதல் சோதனை: குற்றம் எங்கே?

முக்கியமான கேசட்டை இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது. போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1. வெளிநாட்டிலிருந்து வந்த செட் என்றால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்குச் செய்தவை 100 வோல்ட். அதை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். 230-இலிருந்து 100-க்குக் குறைக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் தேவை.
2. கேசட் இல்லாமல் பிளே அழுத்துங்கள். மோட்டார் சத்தம் வருகிறதா? கேப்ஸ்டன் சுழல்கிறதா? வலப்பக்க ரீல் திரும்புகிறதா? மோட்டார் ஓடியும் கேப்ஸ்டன் நின்றால் பெல்ட் போய்விட்டது. இரண்டும் ஓடி ரீல் மட்டும் நின்றால் ஐட்லரோ சின்னப் பெல்ட்டோ வழுக்குகிறது.
3. வலப்பக்க ரீலை விரல் நுனியால் மெல்லப் பிடியுங்கள். கொஞ்சம் எதிர்ப்புக் காட்டிவிட்டு நிற்க வேண்டும், விட்டதும் உடனே ஓட வேண்டும். விரல் பட்டதுமே நின்றுவிட்டால் அந்தச் செட் டேப்பைக் கடிக்கும்.
4. இப்போது வேண்டாத கேசட்டைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். வேறொரு வேண்டாத கேசட்டையும் போடுங்கள். இரண்டிலும் ஒரே கோளாறு என்றால் செட். ஒன்றில் மட்டும் என்றால் கேசட்.

மூன்றாவது சோதனையைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். டேக்-அப் ரீல் நின்றாலும் கேப்ஸ்டன் நிற்காது, வினாடிக்கு 4.76 செ.மீ. டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பத்து வினாடியில் ஏறக்குறைய அரை மீட்டர் டேப் செட்டின் வயிற்றுக்குள் போய் ரோலரைச் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றிக்கொண்டால் மூடியை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபிளைவீலைக் கையால் பின்னோக்கித் திருப்பித் திருப்பி டேப்பை வெளியே எடுக்க வேண்டும்.

பெல்ட்: அதிகம் நேரம் பிடிக்கும் வேலை இதுதான்

தாராக உருகிய பெல்ட் ஃபிளைவீலின் விளிம்பில் கறுப்புப் பசையாக அப்பியிருக்கும். தொட்டால் விரல் ரேகைக்குள் இறங்கிவிடும், சோப்புக்கும் அசையாது. தரையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்காருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம், பல் குத்தும் குச்சி, டிஷ்யூ காகிதம் போதும். முதலில் குச்சியால் கெட்டியானதைச் சுரண்டி எடுத்து, பிறகு ஆல்கஹாலில் நனைத்த டிஷ்யூவால் துடையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் வேண்டாம். பிளாஸ்டிக் பாகங்களைக் கரைக்கும், வெளுக்கும். ஹேண்ட் சானிடைசரும் வேண்டாம். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன.

ஃபிளைவீலைவிட, மோட்டார் முனையில் பெல்ட் மாட்டும் சிறு சக்கரமான புல்லியில்தான் கவனம் அதிகம் தேவை. 8 மி.மீ. விட்டமுள்ள புல்லியில் ஒரு தாள் கனத்துக்கு, அதாவது 0.1 மி.மீ., தார் மிச்சம் இருந்தால் விட்டம் 8.2 ஆகும், பாட்டு இரண்டரை சதவீதம் வேகமாக ஓடும். துடைத்த டிஷ்யூ வெள்ளையாக வரும்வரை விடக் கூடாது.

புதுப் பெல்ட்டுக்கு அளவு எடுப்பது இப்படி: நீளாத நூல் ஒன்றைப் பெல்ட் போகும் பாதை முழுக்கச் சுற்றி, அதன் நீளத்தை அளக்க வேண்டும். அதில் 5 முதல் 8 சதவீதம் குறைத்தால் பெல்ட்டின் உள்சுற்றளவு. நூல் 24 செ.மீ. என்றால் பெல்ட் சுமார் 22.5 செ.மீ.; விட்டக் கணக்கில் கேட்டால் 72 மி.மீ. ரிச்சி தெருவில் பல அளவுகள் கலந்த பாக்கெட்டாகக் கிடைக்கும். ஃபிளைவீலுக்குத் தட்டைப் பெல்ட், டேப் ஓடிய அளவைக் காட்டும் கவுண்டருக்கும் ரீலுக்கும் சதுரப் பெல்ட். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஓடும், ஆனால் நடுங்கும். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று சின்னதைத் திணிப்பதும் தவறு: மோட்டாரின் புஷ் (அச்சு சுழலும் வளையம்) ஒருபக்கமாகத் தேய்ந்து கீச்சிட ஆரம்பிக்கும்.

ரப்பர் பேண்டு போட்டு ஓட்டுவது வீடுகளில் பழகிப்போன வைத்தியம். ரப்பர் பேண்டின் கனம் எங்கும் ஒரே சீராக இருக்காது. கனத்த இடம் புல்லியைத் தாண்டும்போதெல்லாம் பாட்டு ஒரு தரம் துள்ளும். செட் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும். சைக்கிள் டியூபை வெட்டிய வளையமும் அப்படியே.

ரோலரும் எண்ணெயும்

நல்ல பின்ச் ரோலர் பளபளக்காது. கரும்பலகைபோல் மங்கலாக இருக்கும். கண்ணாடிபோல் மினுங்கினால் இறுகிவிட்டது என்று அர்த்தம், டேப் வழுக்கும். ஈரத் துணியில் ஒரு சொட்டு சோப்பு வைத்துத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். மினுக்கம் போகவில்லையென்றால் ரோலரைக் கழற்றி, 600 எண் உப்புத்தாளில் சமமாக உருட்டி மேல்தோலை மட்டும் எடுக்கலாம். நடுவில் பள்ளமோ வெடிப்போ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழையதையே கையில் எடுத்துக்கொண்டு போய் விட்டம், அகலம், அச்சுத் துளை மூன்றும் பொருந்துவதாகத் தேடுங்கள். புதிது அகப்படாவிட்டால், மூர் மார்க்கெட்டில் ஓடாத செட் ஒன்றை வாங்கி உருப்படிகளைக் கழற்றுவது நடைமுறைக்கு உகந்த வழி.

தேங்காய் எண்ணெய் விட்ட செட்டுகள் நிறைய வரும். அது சில மாதத்தில் பிசினாகி ஃபிளைவீலையே இறுக்கிவிடும். ஃபிளைவீலைக் கழற்றி, கம்பியையும் அது நிற்கும் புஷ்ஷையும் ஆல்கஹாலால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, மேலே கசிந்ததைத் துடைத்துவிடுங்கள். டேப் தொடும் இடத்தில் எண்ணெய் வாசனைகூட இருக்கக் கூடாது. துரு நீக்கும் ஸ்பிரேயைச் செட்டுக்குள் அடிப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

வேகம் சரியா என்று சோதிக்க

கடைக்காரர்கள் 3,000 அல்லது 3,150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட் வைத்திருப்பார்கள். அது இல்லாமலும் முடியும். வேண்டாத கேசட்டிலிருந்து டேப்பை இழுத்து, காந்தம் ஏறிய ஸ்க்ரூடிரைவர் முனையால் ஓர் இடத்தில் தொடுங்கள். அங்கிருந்து அளவு நாடாவை வைத்து மிகச் சரியாக 476 செ.மீ. அளந்து இன்னோர் இடத்தில் தொடுங்கள். சுற்றிவிட்டு ஓட்டினால் இரண்டு இடத்திலும் "டப்" என்று கேட்கும். போனில் நேரம் பாருங்கள்: இரண்டு சத்தத்துக்கும் இடையே 100 வினாடி இருக்க வேண்டும். 98 என்றால் 2 சதவீதம் வேகம், 103 என்றால் 3 சதவீதம் தாமதம். பெரும்பாலான மோட்டார்களின் பின்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே இருக்கும் திருகை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி வேகத்தைச் சரிசெய்யலாம். பெல்ட், ரோலர், எண்ணெய் மூன்றும் முடிந்த பிறகே இதைத் தொட வேண்டும். வழுக்கும் பெல்ட்டை மோட்டார் வேகத்தால் ஈடுகட்டினால் இரண்டு நாளில் மறுபடி இழுக்கும்.

கரகரப்பும் உறுமலும்

ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையாவது, தட்டினால் பாடுவது, பிளே செய்யும்போது கீச்சென்று ஊளையிடுவது: இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் ரெக்கார்டு-பிளே சுவிட்சே காரணம். போர்டில் வரிசையாகக் கால்கள் வைத்த நீளமான நழுவும் சுவிட்ச் அது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் (தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து, ரெக்கார்டு பட்டனை 20, 30 தடவை அழுத்தி விடுங்கள். கேசட் இல்லாதபோது அந்தப் பட்டன் இறங்காது. கேசட்டின் முதுகுத் துளையைத் தொட்டுப் பார்க்கும் சின்ன நாக்கு ஒன்று கேசட் அறையின் பின்சுவரில் இருக்கும், அதை விரலால் தள்ளிப் பிடித்தால் இறங்கும். வால்யூம் குமிழுக்கும் இதே வைத்தியம்.

உறுமலுக்கு இரண்டு கேள்வி போதும். வால்யூமைப் பூஜ்யமாக்கினாலும் உறுமுகிறதா? ஆம் என்றால் பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர் காய்ந்திருக்கும். 1,000 முதல் 2,200 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். பேட்டரியில் ஓட்டும்போது உறுமல் மறைந்தால் அது உறுதி. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், கூட்டல் கழித்தல் மாறாமல் போடுங்கள். வால்யூமோடு சேர்ந்து உறுமலும் ஏறினால் ஹெட்டுக்குப் போகும் மெல்லிய வயரின் வெளிப்பின்னல் அறுந்திருக்கும். அதை மறுபடி பற்ற வைத்தால் போதும்.

கேசட் பக்கம்

இதுவரை சொன்னவை முடிந்து, வேண்டாத கேசட் அரை மணி நேரம் தடங்கலின்றி ஓடிய பிறகுதான் வீட்டுக் குரல்கள் உள்ள கேசட்டை எடுக்க வேண்டும். எடுத்ததும் செய்ய வேண்டியது, முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளையும் உடைத்துவிடுவது. அதன் பிறகு தவறுதலாக ரெக்கார்டு பட்டன் இறங்காது, குரல் அழியாது.

ஓட்டும் முன் ஆறு பட்டைப் பென்சிலை ரீலில் விட்டு, கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது இறுகினால் செட்டில் போடாதீர்கள். கேசட்டைத் தட்டையாக உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் ஒட்டிய சுற்று சில சமயம் விடும். விடாவிட்டால் கூடு மாற்ற வேண்டும்.

கூட்டைத் திறப்பது, மூலைக்கு ஒன்று நடுவில் ஒன்று என ஐந்து திருகு உள்ள கேசட்டில் சுலபம். ஒட்டி மூடிய கேசட் என்றால் இணைப்புக் கோட்டில் மெல்லிய பிளேடை நுழைத்து நெம்ப வேண்டும்; அந்தக் கூடு மறுபடி உதவாது. எதுவானாலும், திருகு உள்ள காலிக் கேசட் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மேசையில் தட்டையாக வைத்து, ஏ பக்கம் மேலே இருக்க, மூடியை மட்டும் தூக்குங்கள். டேப் போகும் வழியைப் போனில் படம் எடுத்துவிட்டுப் பிறகு கை வையுங்கள். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பிடித்துப் புதுக் கூட்டுக்கு மாற்றினால் பிரஷர் பேட், உருளைகள், வழுக்குத் தாள் மூன்றும் ஒரே நேரத்தில் புதிதாகிவிடும். கீச்சிடும் கேசட்டுகளில் பல இதிலேயே அடங்கிவிடும். பேட் மட்டும் விழுந்திருந்தால் அதைப் பழைய இடத்தில் ஃபெவிக்விக்கால் ஒட்டாதீர்கள். கசிந்த பசை பஞ்சைக் கல்லாக்கி டேப்பைக் கீறும்.

அறுந்த டேப்பை ஒட்ட:

1. இரு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து 45 டிகிரி சாய்வில் புது பிளேடால் ஒரே வெட்டு. கத்தரி வேண்டாம்; அதில் காந்தம் ஏறியிருந்தால் ஒட்டிய இடத்தில் "டிக்" கேட்கும்.
2. முனைகள் முட்டி நிற்க வேண்டும். ஏறக் கூடாது, இடைவெளியும் கூடாது.
3. ஹெட்டைத் தொடும் பக்கம் வெளிப்பக்கம். அதற்கு எதிரான உள்பக்கத்தில், ஸ்பிளைசிங் டேப்பை ஒன்றரை செ.மீ. நீளத்துக்கு ஒட்டி, விளிம்பில் நீட்டியதைச் சீவிவிடுங்கள்.
4. செலோடேப் வேண்டாம். நம் வெயிலில் அதன் பசை கசிந்து மேல்சுற்றையும் கீழ்ச்சுற்றையும் ஒட்டவைக்கும்.

கசங்கிய டேப்பை இஸ்திரி போட்டு நிமிர்த்த முடியாது. கையால் சமமாகச் சுற்றி ஓரிரு வாரம் வைத்தால் மற்ற சுற்றுகளின் அழுத்தத்தில் கொஞ்சம் நிமிரும். அந்த இடத்தில் ஒலி ஒரு கணம் மங்கும், குரல் போகாது.

*பூசணம்.* கேசட்டின் ஜன்னல் வழியே பார்க்கும்போது கறுப்புச் சுற்றின் மேல் மாவு தூவினதுபோல் வெள்ளை தெரிந்தால் பூசணம். அதை ஓட்டினால் ஹெட், ரோலர் வழியாக அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். தவிர, மூச்சுக்கும் கேடு. முகக்கவசம் போட்டுக்கொண்டு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு வாரம் காயவையுங்கள். பிறகு மொட்டை மாடியில் வைத்து, பஞ்சு உதிராத துணிக்கு நடுவே டேப்பை விட்டு, முழு நீளத்தையும் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். 90 மீட்டரும் துணிக்குள் போய் வர வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. முடிந்ததும் கூட்டை மாற்றுங்கள். வெயிலில் போடுவது, ஹேர் டிரையர், ஓவன் எதுவும் கூடாது.

*வெள்ளம்.* 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற தெருக்களில், நனைந்த கேசட்டை வெயிலில் காயவைத்து மூட்டை கட்டியவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சேறு சுற்றுகளுக்கு இடையே சிமென்ட்டாக இறுகும். டேப்பின் அடித்தளம் பாலியெஸ்டர். குளிர்ந்த சுத்தமான தண்ணீர் அதற்குக் கேடு செய்யாது, காய்ந்த சேறுதான் செய்யும். எனவே சேறு காயும் முன் கூட்டைத் திறந்து, டேப் சுற்றை அப்படியே சுத்தமான தண்ணீரில் அலசி, கடைசியாக பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரில் ஒரு முறை அலசி, மின்விசிறிக் காற்றில் பல நாள் காயவிட்டு, புதுக் கூட்டில் போட வேண்டும். நல்ல தண்ணீரில் நனைந்தது வேறு, சாக்கடை கலந்ததில் நனைந்தது வேறு. பின்னதற்குக் கையுறை கட்டாயம்.

ஹெட்டைச் சாய்ப்பது: கிணற்றுக்குள் பாடும் குரலை வெளியே கொண்டுவர

செட்டும் சரி, கேசட்டும் சரி, ஆனால் குரல் மூடிக் கேட்கிறது. இங்கேதான் பலர் நம்பிக்கை இழக்கிறார்கள். உண்மையில் பெரிய பலன் கிடைப்பதும் இங்கேதான்.

முதலில் ஹெட்டைத் துடையுங்கள். ஆல்கஹாலில் நனைத்த பட்ஸ் பழுப்பாக வருவது நின்று வெள்ளையாக வரும்வரை துடைத்து, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். அதற்கும் தெளியவில்லை என்றால் சாய்வு.

ஹெட்டின் நடுவில் ஒரு மெல்லிய செங்குத்துப் பிளவு இருக்கிறது. பதிந்த செட்டில் அது எந்தச் சாய்வில் நின்றதோ, கேட்கும் செட்டிலும் அதே சாய்வில் நிற்க வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பின் மேல் 4.76 மைக்ரான் நீளம்தான். மோனோ டூ-இன்-ஒன்னின் தடம் 1.5 மி.மீ. அகலம். கணக்குப் போட்டால், ஹெட் 0.18 டிகிரி சாய்ந்தாலே தடத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரு முழு அலை விலகி, அந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொண்டு காணாமல் போகும். ஸ்டீரியோ தடம் 0.6 மி.மீ. என்பதால் அது 0.45 டிகிரி வரை தாங்கும். சலங்கை, ஜால்ரா, "ஸ", "ச" ஒலிகள் முதலில் மறைவதற்குக் காரணம் இது. அவை டேப்பில் அப்படியே இருக்கின்றன. ஹெட் அவற்றைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் பதிந்த கேசட்டுக்கு "சரியான" சாய்வு என்று தனியாக எதுவும் இல்லை. அன்று பதிந்த செட் கோணலாக இருந்திருந்தால் அந்தக் கோணல்தான் இந்தக் கேசட்டுக்குச் சரி. எனவே கேசட்டுக்குக் கேசட் திருப்ப வேண்டும்.

1. ஹெட்டின் இருபுறமும் இரண்டு திருகு இருக்கும். ஸ்பிரிங் வைத்த திருகுதான் சாய்வுக்கானது. பல செட்டுகளில் பிளேயில் இருக்கும்போது அதை எட்டுவதற்கென்றே கதவில் சிறு துளை விட்டிருப்பார்கள்.
2. திருகின் தலையிலும் பக்கத்திலும் நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். பழைய இடத்துக்குத் திரும்பி வர இது வேண்டும்.
3. காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவர். அரைக்கால் சுற்றுக்கும் குறைவாக, மெதுவாக. எந்தப் பக்கமும் அரைச் சுற்றைத் தாண்ட வேண்டாம்.
4. ஸ்டீரியோ செட்டில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு தடமும் சேரும்போது சாய்வுத் தவறு இன்னும் தெளிவாகக் காதில் விழும்.
5. பேச்சைவிட, பேச்சுக்கு நடுவே வரும் "உஸ்" என்ற டேப் இரைச்சலைக் கவனியுங்கள். அது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமே சரியான இடம். அங்கிருந்து இரண்டு பக்கமும் திருப்பினால் மங்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது

லைன்-அவுட் இருந்தால் அதிலிருந்தும், இல்லையென்றால் இயர்போன் துளையிலிருந்தும் எடுங்கள். ஸ்பீக்கர் முன் போனை வைத்துப் பதிவது வேண்டாம். ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி என்னும் மென்பொருள் இலவசம், போதுமானது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லில் நிற்கட்டும். பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் ஒரே கோப்பாக எடுத்து, இரைச்சல் நீக்காமல் அப்படியே ஒரு பிரதி வையுங்கள். சுத்தம் செய்வதை இன்னொரு பிரதியில் செய்யுங்கள். பதிந்த செட்டின் வேகமே தவறாக இருந்திருந்தால், நம் செட் சரியாக ஓடியும் குரல் கீச்சென்றோ தடித்தோ கேட்கும். மோட்டாரைத் திருப்பாமல், கோப்பில் வேகத்தை மாற்றிச் சரிசெய்யலாம்.

முடிந்த கேசட்டை ஒரு பக்கம் முழுக்கச் சுற்றிவிட்டு, டப்பாவோடு ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றும் சேர்த்து, நிற்கும் நிலையில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்திலும் ஓட்டு வீட்டுப் பரணிலும் வேண்டாம். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் பாக்கெட்டை மாற்ற வேண்டும்; ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடிக்கடி பாருங்கள்.